கண்ணாடி பார்த்த மீனும் நாம் வைத்த பரீட்சையும்

"மீனுக்கும் 'நான்' என்ற உணர்வு உண்டு" என்று 2019-இல் ஒரு செய்தி சுற்றியது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். மூலக் கட்டுரையைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒசாகாவைச் சேர்ந்த மசனோரி கோடா குழு 'பிளாஸ் பயாலஜி' இதழில் எழுதியது.

முதலில் ஆள் யாருன்னு பார்த்துடலாம். கிளீனர் ராஸ். விரல் நீளம்தான் இருக்கும், நீல உடம்பில் ஒரு கறுப்புப் பட்டை. செங்கடலிலிருந்து பசிபிக் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது, நம்ம மன்னார் வளைகுடாவிலும் உண்டு. பெரிய மீன்கள் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்பதுதான் பிழைப்பு. ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் 1996-இல் கணக்கிட்டார்.

கண்ணாடிப் பரீட்சை 1970-இல் கோர்டன் கேலப் சிம்பன்சிகளுக்காக உருவாக்கியது. முகத்தில் ஒரு சாயப் பொட்டு வைத்து, கண்ணாடியைப் பார்த்து அதைத் தொடுகிறதா என்று கவனிப்பார்கள். மீனுக்கு ஏது கை? அதனால் கோடா குழு தொண்டைத் தோலுக்கு அடியில் பழுப்பு நிறப் புள்ளி வைத்தது. மீன் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தொண்டையைத் தரையில் தேய்த்தது. நிறமில்லாத புள்ளிக்குத் தேய்க்கவில்லை. நிறப் புள்ளி இருந்தும் கண்ணாடி இல்லையென்றால் தேய்க்கவில்லை. 4 மீன்களில் 3 தேறின.

ஒரு புரோகிராமராக இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் எனக்குப் பிடித்தன. 'சும்மா அரிப்புதான்' என்ற எளிய விளக்கத்தை அவை அடைத்துவிடுகின்றன. 4 மீன் என்பது ரொம்பக் குறைவு என்ற விமர்சனம் நியாயமானது. அதே குழு 2022-இல் அதிக மீன்களோடு திரும்பச் செய்தது. பெரும்பாலானவை தேறின. ஆனால் நீலம், பச்சைப் புள்ளிகளுக்கு மீன்கள் அசையவில்லை.

'பழுப்புக்கு மட்டும்தானே? அப்போ இது ஒட்டுண்ணியைக் கண்டால் வரும் அனிச்சைச் செயல்' என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. இப்போது இல்லை. இந்த மீனின் பழக்கம் என்ன? அடுத்த மீன் மேல் ஒட்டுண்ணியைப் பார்த்தால் போய்க் கடிக்கும். கண்ணாடியில் தெரிவது வேறொரு மீன் என்று நினைத்திருந்தால் கண்ணாடியைத்தானே கொத்தணும்? தன் தொண்டையை ஏன் தேய்க்கிறது? பழுப்பு நிறம் இந்தச் சோதனையின் ஓட்டை இல்லை. அந்த மீன் சட்டை செய்யும் ஒரு விஷயத்தைக் கேட்டதுதான் இதன் பலம்.

ஆனால் கட்டுரையின் தலைப்பே கேள்வியாகத்தான் முடிகிறது: இதிலிருந்து விலங்குகளின் சுயவுணர்வைப் பற்றி என்ன சொல்லலாம்? செய்தியாளர்கள் அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டார்கள். 'அந்த உடம்பு என் உடம்போடு சேர்ந்தது' என்று மீனுக்குத் தெரிவதாகக் கொள்ள இடமிருக்கிறது. அதிலிருந்து நம்மைப் போல 'நான்' என்று யோசிக்கிறது என்பதற்குத் தாவ முடியாது. அதே இதழில் பிரான்ஸ் டி வால் எழுதிய கருத்துரையும் சுயவுணர்வை உண்டு, இல்லை என்று பார்க்காமல் படிப்படியாகப் பார்க்கச் சொன்னது. பாஸ், ஃபெயில் என்று பார்ப்பது பரீட்சை வைத்த நம்முடைய அவசரம்.

என் பெரிய குறை வேறு. இந்த மீனின் சாமர்த்தியத்துக்குக் கண்ணாடியே தேவையில்லை. ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் உடல்மேல் உள்ள சளிதான் இதற்கு ருசி. அதைக் கடித்தால் வாடிக்கையாளர் சிலிர்த்து ஓடிவிடும். பக்கத்தில் இன்னொரு வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஏமாற்று வேலை குறைகிறது என்று ரெதுவான் ப்ஷாரியும் கிரட்டரும் 2006-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பெயர் கெடக்கூடாது என்று நடந்துகொள்ளும் மீன்!

அதைப் பற்றி நான் யாருக்கும் அனுப்பவில்லை. கண்ணாடி முன் நம்மைப் போலவே நடந்ததால்தான் நாம் திரும்பிப் பார்த்தோம். பாறையில் தன் தொழிலை நடத்தியபோது கவனிக்கவில்லை. அந்தத் தப்பு மீனோடது இல்லை.