மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பது

பெருமாள்முருகன் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது 'மாதொருபாகன்'. 2010இல் வந்த நாவல், நான்கு வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பு, 2015 ஜனவரியில் எழுத்தையே விட்டுவிடுவதாக அவர் வெளியிட்ட அறிவிப்பு, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. இந்த வரலாறு பெரிசாகிப் பெரிசாகி, அவருக்குள் இருக்கும் சிரிப்புக்காரர் நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டார். அவரைப் பார்க்கணும்னா 2004இல் வந்த 'பீக்கதைகள்' தொகுப்புக்குத்தான் போகணும்.

தலைப்பே பாதிப் பேரை விரட்டிவிடும். சும்மா அதிர்ச்சிக்கு வைத்த பெயர் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொங்குப் பக்கம் மேட்டு நிலத்துக்குப் பெயர் காடு. ஒதுங்குவதும் அந்தக் காட்டில்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. காடெல்லாம் மனையாகி, மனையில் வீடு எழும்பி, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்தபிறகுதான் பீ ரகசியமாகிறது. அந்த ரகசியத்தைக் காப்பாற்ற மனுசன் படும் பாடுதான் இந்தக் கதைகளின் நகைச்சுவை. இதில் வருகிறவர்கள் பிறவிக் கிறுக்கர்கள் இல்லை. கௌரவமாக வாழப் பார்த்துக் கிறுக்குப் பிடித்தவர்கள்.

ஒரு கதையில் புதுசாகக் கல்யாணமான பெண். எத்தனை அரிசி போடுவதென்று கணக்குத் தெரியவில்லை, சோறு மிஞ்சுகிறது. யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக் கோப்பையில் கொட்டுகிறாள். கோப்பைக்கு ருசி கண்டுவிடுகிறது. பசி பசி என்று ஓலமிடுகிறது. கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் சோற்றை வீணாக்குவது பாவம் என்று வளர்ந்த பெண்ணின் குற்றவுணர்வுதான் அந்த ஓலம். பகல் முழுக்க வீட்டில் அவளோடு பேச வேறு யாருமில்லை என்பதும் அதில் கேட்கிறது.

இன்னொன்று, கல்யாணமாகாத இளைஞர்கள் சேர்ந்து தங்கியிருக்கும் வீடு. கழிவுக் குழாய் உடைந்து நாற்றம் தாங்கமுடியவில்லை. சரிசெய்ய ஓர் ஆள் வருகிறான். முதலில் கூலிப் பேரம், அப்புறம் அவன் கைபட்ட ஒரு டம்ளர். அந்த டம்ளர் படித்த பையன்களைப் படுத்தும் பாடு இருக்கிறதே, அங்கேதான் நம் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளவைப்பதைத் தடுக்க 1993லேயே சட்டம் வந்துவிட்டது. தொகுப்பு வந்தது பதினொரு வருஷம் கழித்து. சட்டத்தால் தொடமுடியாத இடம் அந்த டம்ளர். இத்தனைக்கும் கதையில் சாதியைப் பற்றிப் பிரசங்கம் கிடையாது. பையன்களின் அருவருப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். நாமும் அவர்களோடு சேர்ந்து மூக்கைப் பொத்துகிறோம். மாட்டிக்கொள்வது அவர்கள் மட்டுமல்ல.

குறையும் சொல்லணும். குழாய் சரிசெய்ய வந்தவனின் மனசுக்குள் கதை போவதே இல்லை. பையன்களின் கண்ணில் விழும் அளவுக்குத்தான் அவன் நமக்குத் தெரிகிறான். பார்வையைக் குறுக்கியதால் கதைக்குக் கூர்மை கிடைத்தது, சரி. ஆனால் அந்தக் கூர்மைக்கு விலை கொடுத்தவன் அவன். கோப்பைக் கதையிலும் கற்பனை ஒருமுறை பிடிபட்டபின் ஓலத்தின் சத்தம்தான் கூடுகிறது. அந்தப் பெண்ணை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

இதற்கு முன் 2000இல் வந்த 'நீர் விளையாட்டு' தொகுப்பின் தலைப்புக் கதையை இதோடு வைத்துப் படிக்கலாம். கிணற்றில் குழந்தைகளோடு குதித்து விளையாடும் பெரியவன் ஒருவன். விளையாட்டு முற்றுகிறது, மேலே ஏற விடமாட்டேன் என்கிறார்கள். எந்த நொடியில் குதூகலம் பயமாக மாறியது என்று விரல் வைத்துச் சொல்லமுடியாது. அங்கே கிணறு செய்ததை இங்கே கழிப்பறை செய்கிறது. தினமும் புழங்கும் இடம், ஒருநாள் நம்மை வெளியே விடமாட்டேன் என்கிறது.

கறுப்பு நகைச்சுவை என்றால் விசித்திரமான ஆட்களைத் தேடிப் போகணும் என்றொரு நினைப்பு இப்போது எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பக்கத்துப் போர்ஷனில், கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருவர் கௌரவமாக இருக்க முயன்றுகொண்டிருப்பார். அவர் போதும்.