ஒரு 'ங்க' குறைகிறது

எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் 'நாகரிகமாகப் பழகுவது எப்படி?' என்கிற ரகத்தில் ஒரு வரிசை புத்தகங்கள் இருக்கும். எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சூப்பைச் சத்தம் போட்டு உறிஞ்சக் கூடாது, ஜப்பானியர் நீட்டும் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அரபு நாட்டில் இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது... எல்லாம் சரியான தகவல்கள்தான். எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால், ஒரு தமிழர் காலையில் பால்காரரில் ஆரம்பித்து ராத்திரி வாட்ச்மேன் வரை நூறு தடவையாவது எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. எதிரே நிற்கிற மனிதரை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா?

இருக்காததற்குக் காரணம் எளிது. இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துச் சமைத்தவை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ராணிக்கும் 'யூ', நாய்க்குட்டிக்கும் 'யூ'. அந்த மொழிக்கு இல்லாத தலைவலிக்கு அந்தப் புத்தகத்தில் மாத்திரை எப்படி இருக்கும்?

ஆனால் ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்தத் தலைவலி இருந்தது. 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். 1603-ல் சர் வால்டர் ராலேயை ராஜத் துரோக வழக்கில் விசாரித்தபோது, அரசு வக்கீல் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே அவரை 'தௌ' என்று அழைத்தார். அதுவும், 'உன்னை நீ என்றுதான் சொல்வேன்' என்கிற மாதிரி அழுத்தம் கொடுத்து. கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு பிரபுவை 'டேய்' போட்டதற்குச் சமம்.

அதே நூற்றாண்டின் நடுவில் க்வேக்கர்கள் வந்தார்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த கிறிஸ்துவப் பிரிவு. கடவுள் முன்னால் எல்லோரும் சமம், எனவே நீதிபதியானாலும் நிலச்சுவான்தாரானாலும் எல்லோருக்கும் 'தௌ'தான், யாருக்காகவும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்றார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 1670-ல் வில்லியம் பென் (பிற்பாடு அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர்) லண்டன் கோர்ட்டுக்கு வந்தபோது அவர் தலையில் தொப்பி இல்லை. யாரோ கழற்றிவிட்டார்கள். கோர்ட் உத்தரவு போட்டு, தொப்பியை மறுபடி அவர் தலையில் வைக்கச் சொல்லி, பிறகு 'ஏன் தொப்பியைக் கழற்றவில்லை?' என்று அபராதம் விதித்தது! மரியாதை என்பது சில சமயம் எவ்வளவு சிரமப்பட்டுத் தயாரிக்கப்படுகிறது பாருங்கள்.

இந்த நீ - நீங்கள் விவகாரத்தை முதன்முதலில் ஒழுங்காக அலசியது ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1960-ல் எழுதிய கட்டுரை. அவர்கள் சொன்னதன் சாரம் இது: 'நீ'யில் இரண்டு ரகம் உண்டு. நண்பர்கள் பரஸ்பரம் சொல்லிக்கொள்ளும் 'நீ' நெருக்கத்தின் அடையாளம். ஒருவர் 'நீ' என்று சொல்ல, மற்றவர் 'நீங்கள்' என்றுதான் பதில் தர வேண்டும் என்றால் அது அதிகாரத்தின் அடையாளம். வார்த்தை ஒன்றேதான். திரும்பி வருகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது விஷயம்.

ஒருவரைப் பன்மையில் அழைத்தால் மரியாதை என்ற யோசனை பல மொழிகளுக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சின் 'வூ' பன்மை. நம்முடைய 'நீங்கள்' அப்பட்டமான பன்மை. கூடவே ஒரு 'கள்'. தொல்காப்பியரே இதைக் கவனித்திருக்கிறார். ஓர் ஆளைப் பன்மையில் சொல்வது மக்கள் வழக்கில் உயர்த்திச் சொல்வது. இலக்கணப்படி அது சரியான முறையில்லை என்று சொல்லோடு நகர்ந்துவிட்டார். இலக்கணத்தை மீறித்தான் நாம் மரியாதை கற்றுக்கொண்டோம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சியில் இதுவும் ஒரு பிரச்னையானது. 1793-ல் 'வூ' பிரபுக்களின் மிச்சம், இனி எல்லோருக்கும் 'தூ' என்று கிளம்பினார்கள். அரசாங்கக் கடிதங்களில்கூட 'தூ' வந்தது. கட்டாயச் சட்டமாக்க மட்டும் சபை ஒப்பவில்லை. சில வருடங்களில் பழையபடி 'வூ' வந்து உட்கார்ந்துகொண்டது. விசித்திரம் என்னவென்றால் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் கடவுளையே 1966 வரை பிரதானப் பிரார்த்தனையில் 'வூ' போட்டுத்தான் அழைத்தார்கள். நம் ஊரில் நாயன்மாரும் ஆழ்வாரும் எத்தனையோ நூற்றாண்டு முன்பே சாமியை 'நீ' என்று சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள். ஆனால் சாமியை 'நீ' என்றவர்கள் பண்ணையாரை 'நீ' என்று சொல்லிவிட முடிந்ததா என்ன?

எனக்கு இதில் ரொம்பச் சுவாரஸ்யமான நாடு ஸ்வீடன். நாற்பது, ஐம்பது வயது ஸ்வீடன்காரர்களுக்கே அவர்கள் தாத்தா பேசிய விதம் நம்ப முடியாததாக இருக்கும். அங்கே நீ என்பதற்கு 'டூ'. நீங்கள் என்பதற்கு 'நீ'. (தட்டச்சுப் பிழையில்லை. ஸ்வீடிஷில் 'நீ' என்றால் நீங்கள்தான். தற்செயல்தான், உடனே குமரிக் கண்டம் வரை போய்விட வேண்டாம்.) ஆனால் அந்த 'நீ'யும் அவமரியாதையாகக் கருதப்பட்டது, பட்டம் பதவி எதுவும் இல்லாத ஆட்களிடம் பேசும் சொல்லாக. அப்படியானால் ஒரு டாக்டரிடம் எப்படிப் பேசுவது? படர்க்கையில். 'டாக்டர் காபி சாப்பிடுவாரா?' என்று டாக்டர் முகத்தைப் பார்த்தே கேட்க வேண்டும். புரொஃபசர் மனைவிக்குப் புரொஃபசரின் பட்டத்திலிருந்தே ஒரு பெண்பால் பட்டம். நம் ஊர் 'வாத்தியாரம்மா' போல. அந்த அம்மாள் பள்ளிக்கூடப் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை.

எதிராளியின் பட்டம் தெரியாவிட்டால்? அப்போதுதான் கூத்து. 'காபி விரும்பப்படுகிறதா?' என்று செயப்பாட்டு வினையில் நழுவுவார்கள். ஆள் இல்லாத வாக்கியம்.

சிரிக்காதீர்கள். நாமும் இதையேதான் செய்கிறோம். கல்யாண வீட்டில் பாதி தெரிந்த, வயது கணிக்க முடியாத ஓர் உறவுக்காரர் எதிரே வருகிறார். நீ என்பதா நீங்க என்பதா என்று குழப்பம். என்ன கேட்கிறோம்? 'என்ன, சாப்பாடு ஆச்சா?' 'எப்ப வந்தது?' 'ஊருக்குக் கிளம்பறது எப்போ?' ஒன்றிலும் ஆள் கிடையாது. சாப்பாடு தானாக ஆகிறது. கிளம்புவது தானாக நடக்கிறது. ஏ.டி.எம். மெஷினும் இந்த வித்தை தெரிந்தது. 'அட்டையைச் செருகவும்', 'காத்திருக்கவும்' என்று யாருக்கும் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஒருவிதத்தில் நம் ஊரில் கோடீஸ்வரரையும் கூலித் தொழிலாளியையும் ஒரே வினைமுற்றில் உபசரிப்பது அந்த மெஷின் மட்டும்தான்.

ஸ்வீடனில் இது எப்படி முடிவுக்கு வந்தது? அங்கங்கே மெல்ல ஆரம்பித்திருந்த மாற்றத்துக்கு 1967-ல் ஒரு முகம் கிடைத்தது. ப்ரோர் ரெக்ஸட் என்ற டாக்டர் அரசின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்தார். பொறுப்பேற்றபோது ஊழியர்களிடம், 'இனி உங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி 'டூ' என்றுதான் அழைக்கப் போகிறேன், என்னையும் அப்படியே அழையுங்கள்' என்றார். சட்டமில்லை, போராட்டமில்லை. சில வருடங்களில் நாடே மாறிவிட்டது, ராஜ குடும்பம் மட்டும் விலக்கு. மாணவன் பேராசிரியரை 'டூ' என்கிறான். வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பேச்சின் இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். 'என்னையும் அப்படியே.' மேலே இருந்தவர் முதலில் தன் நாற்காலியிலிருந்து இறங்கினார். அதனால்தான் நடந்தது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். வீட்டுக்குள் அம்மாவை 'நீ' என்கிறோம். பல வீடுகளில் அப்பா மட்டும் 'நீங்க'. மனைவி கணவரை 'நீங்க' என்றும் கணவர் மனைவியை 'நீ' என்றும் சொல்வது ரொம்ப காலம் கேள்வியில்லாமல் ஓடியது. இன்றைய தம்பதிகள் 'வாடா போடா'வில் சமன் செய்துகொண்டார்கள். மாமியார்கள் பழகிக்கொண்டும் விட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நீக்கும் நீங்களுக்கும் நடுவில் 'நீர்' என்று ஒன்றை இன்னும் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மரியாதையும் கெடாது, நெருக்கமும் கெடாது. திருநெல்வேலியிலும் அது இருந்தது, பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கோயமுத்தூர்க்காரர்கள் 'ங்க'வை வாக்கியம் முழுக்கத் தூவிவிடுவார்கள். ஆனால் அதே கொங்கு மண்ணில் அந்த 'ங்க' எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா என்று காலனிக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

கொங்கு மட்டுமில்லை, தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் அறுபது வயது தலித் பெரியவரைப் பத்து வயது மேல்சாதிப் பையன் 'நீ', 'வாடா' என்றதும், அந்தப் பெரியவர் பதிலுக்கு அவனை 'சின்னய்யா' என்றதும் ரொம்பப் பழைய சரித்திரம் இல்லை. இதை எந்தப் பண்பாட்டுப் புத்தகமும் கெட்ட பழக்கம் என்று பட்டியல் போடவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நகரத்தில் இது நாசூக்காகிவிட்டது. அபார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் நின்று பாருங்கள். யூனிஃபார்ம் போட்ட ஆறு வயதுப் பிள்ளை, 'தாத்தா' வயதில் இருக்கும் வாட்ச்மேனிடம் 'நீ அந்த பால் எடுத்துக் குடு' என்கிறது. அதே பிள்ளை மேல்மாடி அங்கிளிடம் 'நீங்க'. அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. காதால் கற்றுக்கொண்டது. கேட்டால், 'அவர் எங்க வீட்டு மனுஷர் மாதிரி சார், பாசத்துல சொல்றது' என்பார்கள் பெற்றோர். இருக்கலாம். பிரவுனும் கில்மனும் கொடுத்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்: அந்த வாட்ச்மேன் பாசத்தோடு அப்பாவைப் பார்த்து 'நீ எப்பப்பா வந்தே?' என்று கேட்கலாமா? கேட்டால் அடுத்த மாதம் வேலையில் இருப்பாரா?

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் அப்படியே. ஆட்டோக்காரர் மட்டும் சென்னையில் ஸ்வீடன் கட்சி. 'எங்க போவணும்?' என்று ஆளில்லா வாக்கியத்தில் ஆரம்பித்து, பேரம் முற்றினால் 'நீ வேற ஆட்டோ பாத்துக்கோ' என்று சமத்துவத்தை நிலைநாட்டிவிடுவார்.

பெரியாரைச் சந்தித்தவர்கள் பலர் எழுதியிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. தன்னைப் பார்க்க வந்தவர் கல்லூரிப் பையனாக இருந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்பாராம். பேரன் வயதுக்காரர்களுக்கும் 'ங்க'தான். க்வேக்கர்களும் ரெக்ஸட்டும் எல்லோரையும் 'நீ'க்கு இறக்கிச் சமமாக்கினார்கள். இவர் எல்லோரையும் 'நீங்க'வுக்கு ஏற்றினார். நம் மொழிக்கு இரண்டாவதுதான் சரிப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம், கலெக்டரை 'நீ' என்று அழைக்கும் தைரியம் நம்மில் பலருக்கு வரப்போவதில்லை. துப்புரவுத் தொழிலாளியை 'நீங்க' என்பதற்குத் தைரியமே தேவையில்லை. ஒரு 'ங்க'வுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

அரசாங்கமே இதில் முன்மாதிரியாக இல்லை என்பது வேறு விஷயம். சுவரில் 'இங்கு சிறுநீர் கழிக்காதே' என்றும் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்றும் பொதுஜனத்தை ஒருமையில் அதட்டும். அதே அலுவலகத்துக்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்போது 'தாங்கள்'. பணம் கொடுக்கும்போது நாம் பன்மை ஆகிறோம்.

நம் பத்திரிகைகளையும் விடக் கூடாது (இந்தப் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன், எடிட்டர் வெட்டாமலிருந்தால்). இப்போது சில பேப்பர்கள் திருத்திக்கொண்டுவிட்டன, பழைய வழக்கம் முழுசாகப் போகவில்லை. பஸ்ஸில் பர்ஸ் அடித்தவன் 'பிடிபட்டான்'. வங்கியில் பல கோடி ஏமாற்றியவர் 'தலைமறைவானார்'. இரண்டு பேர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஒரு சௌகரியம் செய்யுங்கள். நாளைக் காலை பேப்பரை எடுத்து, கையில் ஒரு பென்சிலோடு, கிரைம் செய்திகளில் வினைமுற்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே வாருங்கள். எத்தனை 'ஆன்', எத்தனை 'ஆர்' என்று எண்ணுங்கள். பிறகு பக்கத்திலேயே திருடுபோன தொகையையும் எழுதிப் பாருங்கள்.