வெலிக்கடையின் பெண்கள் பிரிவும் நமது சிறை இலக்கியமும்

அண்மையில் கொள்ளுப்பிட்டியில் நடந்த ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் சிறை இலக்கியம் பற்றிப் பேச்சு வந்தது. வரிசையாகப் பெயர்கள் சொல்லப்பட்டன: கண்ணனூர்ச் சிறையிலிருந்த வ.உ.சி., வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதிய ராஜாஜி, தூக்குத் தண்டனைக் கைதியாயிருந்த சி.ஏ. பாலன். நம் நாட்டுக்கு வந்ததும், சிறைக்குள் இருந்தபடியே நாவல் எழுதி அரச சாகித்திய விருது பெற்ற சிவ. ஆரூரன். ‘நவரசம்’ கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023இல் விடுதலையான நமது அஹ்னாப் ஜஸீம். பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லையே என்றேன். “பெண்கள் சிறையிலிருந்து எழுதுவது குறைவு, அந்தப் பழக்கம் இல்லை” என்றார் மூத்த நண்பர் ஒருவர். அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை.

முதலில் தமிழினியை எடுத்துக்கொள்வோம். 2009இல் கைதான அவர் வெலிக்கடையின் பெண்கள் பிரிவில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். அவர் மறைந்தது 2015 ஒக்டோபரில். ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ காலச்சுவடு வெளியீடாக வந்தது 2016இல். நூல் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டது. இயக்கத்தைக் காட்டிக்கொடுத்தாரா, உள்ளிருந்து விமர்சித்தாரா, எல்லாம் அவர் எழுதியதுதானா என்ற சண்டைதான் பெரும்பாலும். நம்மவர்களும் 1990 வெளியேற்றம் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடித்தான் பக்கங்களைப் புரட்டினோம். நான் வாசித்த மதிப்புரைகளில் வெலிக்கடைப் பக்கங்களை நின்று வாசித்தவர் எவருமில்லை. எழுதிய பெண்ணையும் இப்படி வாசித்துவிட்டு, எழுதவில்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

எழுதாத மற்றவர்களின் கதை வேறு. அதற்குச் சிறை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இலங்கைச் சிறைகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். வெலிக்கடைக்கு வெளியே பெரும்பாலும் ஆண்கள் சிறைக்குள் பூட்டிய ஒரு சிறு பகுதிதான் அவர்களுக்கு. தொழிற்கூடமும் மைதானமும் மதிலுக்கு அந்தப் பக்கம், ஆண்களிடம். தச்சுவேலை, பேக்கரி, அச்சகம் எல்லாம் ஆண் கைதிக்கு. திறந்தவெளிச் சிறை முகாமும் அவனுக்குத்தான். பெண்ணுக்குப் பெரும்பாலும் தையல். (தையலைக் குறைத்துச் சொல்லவில்லை, என் உம்மாவும் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். ஆனால் கைதியிடம் எது பிடிக்கும் என்று கேட்டுவிட்டா கொடுக்கிறார்கள்?) ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு உள்ளேயிருக்கும் தாய்க்குக் கொப்பியும் பேனையும் கிடைத்தால்கூட எழுதும் நேரம் எங்கிருந்து வரும்? சிங்களத்தில் மட்டுமே அறிவித்தல் வரும் இடத்தில் தமிழ் பேசும் பெண்ணுக்கு வாய் இருந்தும் பயனில்லை.

எண்ணிக்கை குறைவென்பதால் வசதியும் குறைவென்பது நிருவாகத்தின் கணக்கு. சர்வதேச அளவில் இந்தக் கணக்கு எப்போதோ மறுக்கப்பட்டுவிட்டது. பெண் கைதிகளுக்கென்றே 70 விதிகள் கொண்ட பாங்கொக் விதிகளை ஐ.நா. பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றது. ஆண்களின் சிறையைச் சின்னதாக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பது சமத்துவமாகாது என்பது அதன் சாரம். வெலிக்கடைப் பெண்களோ 2018 ஆகஸ்டில் கூரையில் ஏறி நின்றுதான் தங்கள் வழக்குகளை விரைவுபடுத்தக் கேட்க வேண்டியிருந்தது.

மனித உரிமைகள் ஆணைக்குழு 2018 முதல் 2020 வரை 20 சிறைச்சாலைகளில் ஆய்வு நடத்தி, 2020 டிசம்பரில் பெரிய அறிக்கையொன்றை வெளியிட்டது. அதில் பெண்களுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. நம் விமர்சகர்கள் அதை அரச சார்புக் காகிதம் என்று ஒதுக்காமல் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். இதுவரை நம்மிடம் பேசாத பெண்கள் பெயரின்றிப் பேசுவது அங்கேதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு கைதான முஸ்லிம்களிலும் பெண்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய் ஒலிப்பதிவாவது செய்து எழுத்தில் கொண்டுவர நமது சஞ்சிகைகளுக்குப் பெரிய நிதி தேவையில்லை. கொள்ளுப்பிட்டிக் கூட்டத்துக்கு மண்டபம் எடுத்த காசே போதும்.