ஜாடி ஒயின்

ஒயினைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நாக்கு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களில் பலருக்கும் அதற்கு மேல் கிடையாது.

சென்ற வருஷம் ஜார்ஜியாவுக்குப் போயிருந்தேன். அந்நாட்டின் கிழக்கே ககேதி என்று ஒரு பிரதேசம். அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கில் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம். அங்கே ஒரு சிறு குடும்பத்தாரின் ஒயின் கிடங்குக்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். தரையில் வட்ட வட்டமாக வாய்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய ஜாடி, 'க்வெவ்ரி' என்கிறார்கள். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். நசுக்கிய திராட்சையைத் தோலும் கொட்டையுமாக அதில் கொட்டிவிட்டால் தானாகவே புளித்துப் பொங்குகிறது. சுற்றியுள்ள மண் சூட்டைச் சீராக வைத்துக் கொள்கிறது. சோவியத் காலத்தில் பெரிய ஆலைகள் வந்த பிறகு இந்த முறை பெரும்பாலும் வீடுகளில்தான் பிழைத்திருந்தது. 2013-இல் யுனெஸ்கோ இதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"எட்டாயிரம் வருஷத்து வழக்கம்" என்றார் வீட்டுக்காரர். வெறும் பெருமைப் பேச்சு அல்ல. ஜார்ஜியாவில் தோண்டியெடுத்த பானைச் சில்லுகளில் கி.மு. 6000-ஐ ஒட்டிய காலத்து ஒயினின் சுவடு இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

முதல் கோப்பையைக் குடித்துவிட்டு "ஆகா!" என்றேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை. ஆனால் நான் ருசித்தது எட்டாயிரம் வருஷத்தை, ஒயினை அல்ல. பழைய நூல் என்றதுமே கன்னத்தில் போட்டுக் கொள்ளும் நம் வழக்கம் அங்கேயும் கூடவே வந்துவிட்டது.

இரண்டாவது கோப்பையைப் பேசாமல் குடித்தேன். சபெராவி என்ற திராட்சை. அந்தப் பெயருக்கே சாயம் என்று பொருள். சாதாரணமாகக் கறுப்புத் திராட்சைக்கும் சதை வெளுத்திருக்கும். இதற்குச் சதையும் சிவப்பு. கோப்பையில் மையை ஊற்றினாற்போல் இருந்தது. வாசனையில் நாவற்பழமும் ஈரமண்ணும். புளிப்பு துலக்கமாக இருந்தது. துவர்ப்புதான் அடங்கவில்லை. பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடித்துக் கொண்டது. பழத்தின் ருசி எழுந்திருக்கவே விடவில்லை. சுட்ட ஆட்டிறைச்சியோடு குடித்தபோது சற்று வழிக்கு வந்தது. தனியாக நிற்கத் தெம்பில்லாத ஒயின்.

அதே வருஷத்துத் திராட்சையை ஓக் மரப் பீப்பாயில் வைத்தெடுத்ததும் கொடுத்தார். வழுவழுப்பு; வெனிலா வாசனை; குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர்க் கடையிலும் அதைப்போல் கிடைக்கும். குறையுள்ள ஜாடி ஒயினே எனக்கு உயர்வாகப் பட்டது. அதற்காகக் குறைக்கு மண்வாசனை என்று பட்டம் கட்டிவிடக் கூடாது.

இதை நண்பர் மூலம் மறைக்காமல் சொன்னேன். வீட்டுக்காரரின் முகம் சுண்டியது. சிறிது நேரம் கழித்து, "இன்னும் ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். கடன் தவணை வந்தது, அடைத்து விற்றேன். அதிருக்கட்டும், முதலில் ஏன் ஆகா என்றீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது ஜாடி ஒயினில் ஒரு புட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, ஐந்து வருஷம் தொடக்கூடாது என்றார். என் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் நாலு வருஷம் பாக்கி.