கயிறாடலும் சிறார் அவையும்

சிறிய சர்க்கஸ் குழு ஒன்றைத் தொடங்கிச் சிறுவர்க்கென ஓர் ஆட்டம் அமைக்க விழைவோர் முதலில் எண்ணுவது தம்மிடம் இல்லாதவற்றையே. பெருங்கூடாரம் இல்லை, விலங்குகள் இல்லை, கலைஞரும் ஐவர் அறுவரே. ஆதலின் தம் ஆட்டம் பேராட்டத்தின் குறைந்த படி என்றே கொண்டுவிடுகின்றனர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை மெய்ப்பாட்டியலையும், கயிறாடலைச் சுட்டும் சங்கச் செய்யுட்கள் மூன்றனையும் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சர்க்கஸ் என இன்று வழங்கும் கலை, 1768இல் பிலிப் ஆஸ்ட்லி என்பார் இலண்டனில் குதிரை வித்தை காட்டியதினின்றும் வளர்ந்தது. 42 அடி விட்டமுடைய வட்டக் களமும் அவர்வழி வந்த மரபே. இந்திய நாட்டில் விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் ஒரு குழுவைத் தோற்றுவித்தார். தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் பயிற்சிப் பள்ளி நிறுவினார். இவை அமைப்பின் வரலாறு. கயிற்றின்மேல் நடக்கும் கலையோ இவற்றினும் மிகப் பழமையானது.

தொல்காப்பியர் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன் கூறுவர். பெருங்குழுக்கள் முன்னிரண்டனையே பெரிதும் நம்பின. காணாத விலங்கு புதுமை. பல்லாயிரவர் அமரும் கூடாரம் பெருமை. சிறுகுழுவுக்கு இவை எட்டா. ஆயின் சிறுமையும் ஆக்கமும் அதற்கு எளிதில் வாய்ப்பன. சிறு பெட்டிக்குள் ஒருவர் உடலை ஒடுக்கிப் புகுவது சிறுமையால் பிறக்கும் வியப்பு. ஏணி ஒன்று குதிரையாகிப் பின் கப்பலாவது ஆக்கத்தால் பிறக்கும் வியப்பு. சிறுமையையும் வியப்பின் நிலைக்களனாக ஓதிய இலக்கணம், சிறிய அரங்கைக் குறையுடைய அரங்காகக் கருதவில்லை என்பது தெளிவு.

இனிச் செய்யுட்களைக் காண்போம். குறுந்தொகை 7இல் பெரும்பதுமனார், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு ஆரியக் கூத்தர் கயிறாடுங்கால் கொட்டும் பறையை உவமையாக்குகின்றார். அங்குக் கூத்தர் நம் கண்முன் வாரார், ஓசையே வருகின்றது. வழியிற் செல்லும் இளையர் இருவரைக் கண்டோர் இரங்கும் இடமாதலின், அவ்வோசையில் இவர்க்கு யாது நேருமோ என்னும் அச்சம் கலந்துள்ளது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், தேறலை நீரெனக் கருதி உண்ட மயில், விழாக்களத்தில் தாளத்திற்கேற்பக் கயிற்றில் நடக்கும் ஆடுமகள்போலத் தளர்கின்றது. ஆடுமகளின் திறத்தைச் சொல்லாது தளர்ச்சியைச் சொன்னமை கருதத்தக்கது. தளர்ந்தும் வீழாமையே அக்கலையின் அழகு.

மூன்றாவது, கோட்டம்பலவனாரின் நற்றிணை 95. ஆடுமகள் பல்லியம் முழங்க நடந்த கயிற்றில், பின்னர் ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆடுகின்றது. அதனைக் கண்ட குறச்சிறார் பாறையில் ஏறித் துள்ளி எழுந்து தாளம் கொட்டுகின்றனர். ஈண்டு ‘நடந்த’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் நோக்கத்தக்கது. வல்லாளின் ஆட்டம் முடிந்துவிட்டது. வல்லாததன் ஆட்டம் தொடங்குகின்றது. ஆடுமகளுக்கு இயங்கள் இருந்தன. குட்டிக்கோ சிறாரே இயம் ஆகின்றனர். சிறார் ஆடுமகளை எவ்வாறு கண்டனர் என்பதைப் புலவர் கூறவில்லை. குட்டி ஆடுங்கால் அவர்தம் கையும் காலும் எழுந்தமையைக் கூறுகின்றார். தம்மினும் வல்லாரைக் குழந்தை வியந்து நோக்கும். தம்மைப்போல் முயல்வாரோடு தானும் சேர்ந்து ஆடும். இளமையும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன் எனத் தொல்காப்பியர் கூறியதற்கு இக்காட்சி நல்ல சான்று.

அகப்பாட்டின் வருணனையில் அரங்கக் கலையைத் தேடுதல் முறையோ எனச் சிலர் வினவலாம். இவ்வருணனை பாட்டின் உரிப்பொருளுக்குப் புறம்பானது அன்று. பாங்கனுக்குத் தன் நிலை கூறும் தலைவன், கொடிச்சி கையகத்தே தன் நெஞ்சு பிணிப்புண்டது, பிறர் விடுவித்தற்கு ஆகாது என முடிக்கின்றான். முறுக்குண்ட வலிய கயிறு முன்னர் வந்தது, நெஞ்சின் பிணிப்புப் பின்னர் வருதற்கே. பிறர் கயிற்றில் தொங்கும் குட்டியின் நிலையைத் தலைவன் நிலைக்குக் குறிப்பாகக் கொள்ளவும் இடமுண்டு. எள்ளத்தக்கவனாய் நின்றும் நம் அன்பைப் பெறுகின்றான் அவன். நல்ல கோமாளியின் இலக்கணமும் அதுவே அன்றோ!

இம்மூன்றனையும் நிரல்படுத்தின் சிறார் ஆட்டத்திற்கு ஓர் அமைப்புக் கிடைக்கின்றது. முதலில் பறை, அடுத்து வல்லாரின் தளர்ந்தும் தளராத நடை, அதன்பின் கோமாளியின் முயற்சி, இறுதியில் தாளம் களத்தினின்றும் அவைக்கு மாறுதல். இவற்றுள் இறுதி நிலையே இன்றியமையாதது. தாளம் அவைக்கு மாறாதாயின் அது சிறுவர் காணும் ஆட்டமே அன்றிச் சிறுவர்க்குரிய ஆட்டம் ஆகாது. சிறிய களத்தில் கோமாளியின் கண் குழந்தையின் கண்ணைச் சந்திக்கும். அம்மாற்றத்திற்குச் சிறுமை இங்ஙனம் துணையாகின்றது.

இங்கு ஒன்று வற்புறுத்தற்குரியது. குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்துதலை 1998ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கை தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2001இல் அதனை உறுதிசெய்தது. சர்க்கஸ்களில் சிறாரைப் பணிக்கு அமர்த்துவதைத் தடைசெய்யுமாறு அந்நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. இவற்றால் கலை நலிந்தது என வருந்துவோர் நற்றிணைக் காட்சியை மீண்டும் நோக்குவாராக. அக்குட்டியை எவரும் அடித்துப் பழக்கவில்லை. அது தானே வந்து ஆடிற்று. சிறாரையும் எவரும் கயிற்றில் ஏற்றவில்லை. அவர்கள் பாறைமேல் தம் விருப்பம்போல் துள்ளினர். அச்சத்தால் விளைந்த திறம் அங்கு யாதொன்றும் இல்லை. மந்திக் குட்டியின் இடத்தைக் கோமாளிக்கும், கயிற்றை முதிர்ந்த கலைஞர்க்கும், தாளத்தைச் சிறார்க்கும் பகுத்தளிக்கும் குழு, பொருளாற் சிறிதாயினும் கலையாற் சிறிது ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.