வரிசையும் வயிறும்

ஏதிலியரைப் பற்றி ஏடெழுதுவோர் பலர். ஏதிலியாய் நின்று ஏதிலியரையே ஆராய்ந்தவர் சிலர். அச்சிலருள் ஒருவர் பெஹ்ரூஸ் பூச்சானி, குர்து இனத்தவர், ஈரானில் அரசியல் பயின்ற இதழாளர். 2013-ல் தாயகம் துறந்து கடல் கடந்து வந்தவரைப் பப்புவா நியூ கினியின் மனுஸ் தீவு முகாமில் அடைத்தது ஆஸ்திரேலிய அரசு. குற்றம்? புகலிடம் கேட்டது! முகாமிலிருந்தே, கைப்பேசிச் செய்திகளாகப் பாரசீக மொழியில் அவர் சிறுகச் சிறுக அனுப்பியவற்றை நண்பர்கள் தொகுத்தனர். ஒமித் தொஃபிகியான் ஆங்கிலமாக்கினார். 'மலைகளன்றி நண்பரில்லை' என்று பொருள்படும் தலைப்போடு 2018-ல் நூல் வெளிவந்தது. 2019-ல் விக்டோரியா மாநிலத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசையும் வென்றது. நூலுக்கு அந்நாட்டில் மேடை. நூலாசிரியருக்கோ அம்மண்ணில் கால்வைக்கவும் அன்று தடை இருந்தது!

பரிசைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனமில்லை. துன்புறுவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்பர் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பூச்சானி காட்டும் முகாமோ வேறு. கொளுத்தும் வெயிலில் உணவுக்கு நெடிய வரிசை. முன்னிற்பவனுக்கு நல்லுணவு, பின்னிற்பவனுக்கு மிச்சம். தொலைபேசிக்கும் வரிசை. வரிசையில் நிற்பவன் தனக்கு முன்னால் நிற்பவனைப் பகைக்கிறான்; வரிசையை வகுத்தவனை மறக்கிறான். இந்தப் பொறிக்கு 'ஆளும் அமைப்பு' என்று பெயரிட்டு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் ஆசிரியர் பிரித்துக் காட்டும் பக்கங்கள் அருமையானவை.

ஆயினும் அவரோடு நமக்கொரு வழக்குண்டு. நாள்தோறும் வரிசையின் முதலில் வந்து நிற்கும் ஒருவனுக்கு அவர் சூட்டிய பெயர் 'மாடு'! உண்மைப் பெயர்களை மறைத்தது முறைதான். பசியை வளர்த்தது அமைப்பு என்று எழுதிய பேனா, பசித்தவனை விலங்காக்குவதுதான் முறையோ? கூட்டத்தை வெறுத்துத் தனிமை நாடும் கவிஞர், அமைப்பு விரும்பிய கண்ணாலேயே தோழனைப் பார்த்த இடம் அதுவன்றோ?

நூல் 2014 பிப்ரவரிக் கலவரத்தோடு நின்றுவிடுகிறது. நம் வினாவுக்கு விடை அதற்குப் பின்னர் வந்தது. அங்கே அடைத்துவைத்தது சட்டத்துக்கு மாறானது என்று 2016-ல் பப்புவா நியூ கினி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 அக்டோபர் 31-ல் முகாம் மூடப்பட்டது. உணவு, குடிநீர், மின்சாரம் அனைத்தும் நின்றன. வேறிடம் செல்ல மறுத்து நூற்றுக்கணக்கானோர் உள்ளேயே இருந்தனர், மூன்று வாரங்களுக்கு மேல். கிணறு தோண்டினர், மழைநீரைப் பிடித்து வைத்தனர், தீவு மக்களின் துணையோடு படகில் வந்த உணவைப் பங்கிட்டனர், கூடிப் பேசி முடிவெடுத்தனர். சோறு வந்த நாளில் முட்டி மோதியவர்கள், சோறு நின்ற நாளில் பகிர்ந்துண்டனர்! திடீரென்று நல்லவர்களாகிவிட்டனரா? இல்லை; உணவுக்கூட வாயிலில் காவலன் இல்லை. அவ்வளவே.

அந்நாட்களைப் பற்றி அவ்வாண்டின் இறுதியில் பூச்சானி மனுஸ் தீவிலிருந்து எழுதிய மடல், அளவில் சிறிது. எனினும் அதனை நூலினும் மேலாக மதிக்கிறோம். அங்கே அவர் ஒதுங்கி நிற்கவில்லை. கூட்டத்துள் ஒருவராய் நின்று தோழமையைப் பேசுகிறார்.

'மாடு' பலரைக் கலந்து ஆக்கிய பாத்திரம் என்பர். அப்பலருள் எத்தனை பேர் அந்தக் கிணற்றில் மண் அள்ளினரோ! அவர்களுக்குப் பூச்சானி வேறொரு பெயர் தர வேண்டும்.