சுவரும் அச்சுப்படமும்: கோதமி விகாரை ஓவியங்களை நேரிற் காணல்

ஈழத்து நவீன ஓவியம் குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள கட்டுரைகள் மிகச் சில. அச்சிலவற்றிலும் ஒரு பொதுக் குறைபாடு காணப்படுகின்றது. ஓவியத்தின் பொருள் யாது, அது எம்மரபின் வழிவந்தது, ஓவியனின் சமூகப் பின்னணி எத்தகையது என்பன விரிவாகவே ஆராயப்படுகின்றன. ஆனால், அவ்வோவியம் எவ்வளவு பெரியது, அதன் முன் நிற்பவர் அண்ணாந்து பார்க்கிறாரா குனிந்து பார்க்கிறாரா, வண்ணம் தடித்துக் கிடக்கிறதா மெல்லிதாகப் படிந்துள்ளதா என்பன பற்றி ஒரு வரிதானும் இராது. அச்சுப்படத்தை மேசைமீது விரித்துவைத்து எழுதிய விமர்சனம் அது என்பதை இம்மௌனமே காட்டிக்கொடுத்துவிடும். நாடகத்தைப் பாராது அதன் பிரதியை மட்டும் படித்துவிட்டு அரங்க விமர்சனம் எழுதுவாரைத் தமிழ் வாசகர் ஏற்கமாட்டார். ஓவியத்துறையில் மட்டும் அது வழக்கமாகிவிட்டது.

இதனைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பாரிஸ் வரை செல்ல வேண்டியதில்லை. பொறளையிலுள்ள கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939-40 காலத்தில் வரைந்த சுவரோவியங்கள், வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பஸ் வண்டியிற் சென்று ஒரு முற்பகலுக்குள் கண்டு திரும்பக்கூடியவை. 1901இல் கண்டியிற் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்த கீற், இளமையில் மல்வத்தை விகாரைச் சூழலில் பௌத்தத்தையும் சிங்கள இலக்கியத்தையும் கற்றவர். பின்னர் இந்துப் புராண மரபில் ஆழ்ந்து கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1943இல் லயனல் வென்ற், ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலானோருடன் '43 குழு' அமைந்தபோது அதன் முதன்மை ஓவியர்களுள் ஒருவராக விளங்கினார். கோதமி விகாரைச் சுவர்கள் அக்குழு தோன்றுவதற்கு முன்னரே நிறைவுற்றவை. ஹரல்ட் பீரிஸின் ஆதரவில் உருவான அவ்வோவியங்களின் பொருள், பிறப்பும் துறவும் மாரனுடனான போரும் உள்ளிட்ட புத்த சரிதமாகும்.

நூல்களில் அச்சிடப்பட்ட படங்களைக் கொண்டு நோக்குமிடத்து இவ்வோவியங்கள் பற்றி எழும் முதற்கூற்று, 'பிக்காசோவின் செல்வாக்கு' என்பதேயாகும். அது பிழையன்று. முகத்தின் பக்கத்தோற்றமும் முன்தோற்றமும் ஒன்றையொன்று ஊடுருவுதல், உடல்கள் கோணங்களாகப் பகுக்கப்படுதல் ஆகியவற்றைக் கீற் ஐரோப்பாவிலிருந்தே பெற்றார். எனினும் சுவரின் முன் நிற்கும்போது பிக்காசோ சற்றே பின்வாங்கிவிடுகிறார். அங்கு முதலில் எதிர்ப்படுவது கோடு. ஒரு சாண் அகலமான படத்திற் பேனாக்கோடு போலத் தோன்றியது, சுவரில் ஒரு முழுக் கையின் வீச்சாகத் தெரிகின்றது. தோளிற் புறப்பட்ட அசைவு, ஓர் உருவத்தின் புயத்தைத் தொட்டு, அடுத்த உருவத்தின் இடையாகி, அதற்கப்பாலும் ஓடுகின்றது. உருவங்கள் பார்ப்பவரின் உடலோடு ஒப்பிடத்தக்க அளவினவாதலின், அக்கோட்டினைக் கண்ணால் மட்டுமன்றி உடலாலும் பின்தொடர நேர்கின்றது. எல்லாவற்றையும் ஒரே நோக்கில் அடக்கிவிட இயலாது. சுவரோடு சுவராக நடந்தே பார்க்க வேண்டும். இந்நடையை எந்த நூலும் தருவதில்லை. நூல் தருவன துண்டங்களே. துண்டங்களிற் கோணங்கள் எடுப்பாகத் தெரியும்; ஓட்டம் அறுந்துவிடும். கீற்றின் நவீனத்துவம் மிகைப்படுத்தப்பட்டும், அவர் விகாரைச் சுவர் மரபுக்குக் கொண்டிருந்த கடன் குறைத்துரைக்கப்பட்டும் வந்தமைக்கு அச்சுப்படமே ஓரளவு காரணம் எனலாம்.

களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் 1930களில் வரையத் தொடங்கிய ஓவியங்களையும் அடுத்து ஒருமுறை பார்த்து வருதல் நன்று. மெண்டிஸ் கதை சொல்கிறார், அழகாகவே சொல்கிறார். அச்சுப்படத்தில் அவர் இழப்பது சொற்பம். கீற் இழப்பதோ மிக அதிகம். இருவருள் எவர் பெரியவர் என்பதற்கு இது சான்றாகாது. எந்த ஓவியம் அச்சிலே பிழைக்கும், எது பிழைக்காது என்பதை நேரிற் காணாதார் அறியார் என்பதற்கே இது சான்று.

மூலத்துக்கும் நகலுக்குமிடையிலான இவ்வேறுபாட்டினை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் வோல்ரர் பெஞ்சமின். இயந்திர மறுவுற்பத்தியினாற் கலைப்படைப்பின் தனித்த சந்நிதித் தன்மை தேய்கின்றது என 1936இல் வெளியான கட்டுரையில் அவர் வாதித்தார். ஐரோப்பிய நூதனசாலைகளின் நிலை இன்று இதற்கு நேர்மாறாகவே தோன்றுகிறது. 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட மொனாலிசாவைக் காண லூவரிற் கூட்டம் நெருக்குகின்றது. அது 1911இற் களவுபோனபோது, தொங்கிய இடத்தின் வெறுமையைப் பார்க்கவே மக்கள் சென்றனர். படியெடுக்கப்பட்டதனாலேயே மூலம் மேலும் புகழ்பெற்றது. ஆயின் அங்கு செல்வோர் பலர் காண்பது தாம் முன்னரே அறிந்த படத்தைத்தான்.

தமிழர் வீடுகளின் அனுபவம் பெஞ்சமினை இன்னொரு வகையில் இடையூறு செய்கின்றது. இரவிவர்மாவின் அச்சகத்திலிருந்து வந்த இலக்குமியும் சரசுவதியும் சட்டமிடப்பட்டுப் பூசையறையிற் குங்குமமும் மாலையும் பெறுகின்றனர். நகலாதலால் அத்தெய்வத்தின் சாந்நித்தியம் அணுவளவும் குறைந்ததாக எவரும் கருதுவதில்லை. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரத்திற் கருங்கற் பணியின் நடுவே தரிசனம் செய்பவர், வீட்டில் நாட்காட்டிப் படத்தின் முன்னும் அதே கைகளைக் கூப்புகிறார். எனவே அச்சில் அழிவது தெய்வத்தின் சந்நிதி அன்று, கைவினைஞனின் சந்நிதி. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே 'படம் பார்த்தாற் போதும்' என்ற மனப்பாங்குக்கு வேராக இருக்கக்கூடும்.

ஓவியத்தை நேரிற் கண்டதன் அனுபவத்தை எழுதிவைத்த மிகப் பழைய பார்வையாளர் கூட்டங்களுள் ஒன்று இந்நாட்டிலேயே உண்டு. சீகிரியாவின் கண்ணாடிச் சுவரிற் கீறப்பட்ட பாடல்களுள் 685ஐப் பரணவிதான 1956இற் பதிப்பித்தார். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. வந்தவர்கள் பெயரையும் ஊரையும் குறித்தனர். பாறையிலுள்ள பெண்கள் பேசாமையை நொந்து பாடினர். ஏறிவந்த களைப்பையும் மறைக்கவில்லை. உடலோடு வந்தவர்களின் விமர்சனம் அது. அதே ஓவியங்களை எச். சி. பி. பெல்லின் பணிப்பில் டி. ஏ. எல். பெரேரா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் படியெடுத்தார்; அப்படிகள் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. 1967 ஒக்ரோபரில் விசமிகள் மூலங்களின்மீது வண்ணம் பூசிச் சிதைத்தபோது, நகலின் பெறுமதி திடீரென உயர்ந்தது. நகலைப் பழிப்பவர் இதனை மறத்தலாகாது. ஆயினும் அப்படிகளிற் பாறையின் வளைவு இல்லை. ஏறிய களைப்பும் இல்லை.

கொழும்பிற் பிறந்து மசாசூசெற்ஸ் மாநிலத்து நீடமில் 1947இல் மறைந்த ஆனந்த குமாரசுவாமி, கலைப்பொருட்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று வினவி ஒரு நூலே எழுதினார். நூதனசாலையிலுள்ளவை நூதனசாலைக்கென ஆக்கப்பட்டவையல்ல, பயன்பாட்டுக்கென ஆக்கப்பட்டவை என்பது அவரது வாதம். அவ்வாதத்தின் ஒளியிற் கோதமி விகாரை தனித்த இடம் பெறுகின்றது. அங்கு ஓவியம் தன் பணியினின்றும் ஓய்வு பெறவில்லை. பூக்களுடன் வரும் அடியாருக்கு அச்சுவர் கலைக்கூடமன்று. கதையை அவர் ஏற்கனவே அறிவார். பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸின் இல்லமாயிருந்து, 1974இல் நிறுவப்பட்ட சபுமல் மன்றத்தின் கூடமான வீடு இதற்கு மறுதலையானது. '43 குழுவினரின் திரைகள் அங்கு வசிப்பிடத்துச் சுவர்களிலேயே தொங்குகின்றன. வீடுமாகாது நூதனசாலையுமாகாது நிற்கும் அவ்விடத்தில், கீற்றை அமர்ந்திருந்து பார்க்கலாம். பொறளையிற் செருப்பைக் கழற்றிவிட்டு, பிறர் வழிபாட்டுக்கு இடையூறின்றி ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும்.

இந்த ஒதுங்கி நிற்றலே தமிழ்ப் பார்வையாளரைப் பொறுத்தவரை இலகுவான செயலாக இருந்ததில்லை. பார்வையாளர் என்பவர் வெறும் இரு கண்களல்லர். 1983 யூலை 24ஆம் திகதி இரவு வன்செயல் மூண்டது பொறளைக் கனத்தை மயானத்தைச் சூழ்ந்த பகுதியிலேயே. அதன்பின் நெடுங்காலம், வெள்ளவத்தையிலிருந்து பொறளைக்கான தூரம் மைல்களால் மட்டும் அளக்கப்படவில்லை. சோதனைச் சாவடிகளாலும் அடையாள அட்டையாலும் அளக்கப்பட்டது. ஒரு தலைமுறை கீற்றை அச்சுப்படங்களில் மட்டுமே அறிந்ததற்குச் சோம்பல் மாத்திரம் காரணமன்று. விமர்சனக் குறைபாடு என மேலே கூறப்பட்டதன் ஒரு பகுதி, உண்மையில் அச்சத்தின் வரலாறாகும்.

இன்று அச்சுவரின் முன் சென்று நிற்கும் தமிழ் மாணவர் ஒருவருக்கு, அசையாது வீற்றிருக்கும் ஓருருவை மாரசேனை நெருக்கும் காட்சி வேறொரு பொருளைத் தரக்கூடும். ஆயுதங்களுடன் வந்த கூட்டம் என்ற தொடர் அவருடைய வீட்டிற் பெற்றோர் வாயிலாகக் கேட்ட தொடராக இருக்கலாம். அப்பொருள் 1940இற் கீற் எண்ணியதன்று. அதனை ஓவியரின் நோக்கமாக ஏற்றிக் கூறும் விமர்சனம் நேர்மையானதன்று. கண்டதைக் காணாததுபோல் எழுதும் விமர்சனமும் அவ்வாறே. இரண்டையும் வேறு வேறாகக் குறித்து எழுதும் கட்டுரை தமிழில் இனித்தான் வரவேண்டும். அதனை எழுதுபவர் முதலிற் கோட்டைப் பின்தொடர்ந்து அச்சுவரின் நீளம் முழுவதும் நடந்தவராயிருத்தல் வேண்டும்.